வரிசை ஏழு, இடம் பதினான்கு

ஹீயுமா தீவின் மூன்று கல்லறைத் தோட்டங்கள்,
நாலாயிரத்துச் சொச்சம் பழுப்பு அட்டைகள்.
அவற்றைக் கணினி ஆவணமாக்கித் தரும் ஒப்பந்தம் கைசாவுக்கு.
படகுத்துறைக்கு மேலே வாடகை அறை.
வெளியே நவம்பர்; மூன்றரைக்கே இருட்டு.

கோண அடைப்புகளை அவள் கையால் இடுவதில்லை.
அதற்கென்று ஒரு நிரல் நூலகம்.
பிள்ளை சேர் என்றால் சேர்க்கும்,
திறந்ததையெல்லாம் மறக்காமல் மூடும்,
தோட்டத்துக்குள் வரிசை, வரிசைக்குள் இடம், இடத்துக்குள் ஆள்
என்று இரண்டிரண்டு எழுத்து உள்தள்ளி அடுக்கும்.
படகு கட்டிய அண்ணன் தம்பியின் கல்லில்
இருவரையும் இணைத்த அந்தச் சுழிக்குறியைக்கூட
ஆவணம் உடையாதபடி பொதிந்து வைக்கும்.

முதல் ஓட்டத்தில் எழுத்துக் குறியாக்கம் சொல்ல மறந்துவிட்டாள்.
தலையில் அலை சுமக்கும் அவர்கள் ஊர் ஓ
போன இடமெல்லாம் கேள்விக்குறியானது.
ரோட் என்பவள் பெயர் நடுவில் இரண்டு.
ஒரு சொல் திருத்தினாள்;
அலைகள் திரும்பின.

வியாழக்கிழமை அந்த ரோட்டே வந்தாள்,
படகின் இயந்திர அறையிலிருந்து நேராக,
நகக்கண்ணில் கிரீஸ்.
கணவன் அர்வோவுக்குப் பக்கத்து இடம் அவளுடையது.
சேர்த்து வாங்கினால் மலிவு என்று
கல்லில் பெயரும் வெட்டியாயிற்று.
தன் வரியைப் பார்க்கவேண்டும் என்றாள்.
அச்சிட்ட தாளில் அவள் விரல் நின்ற இடம்:

<இறந்தநாள்/>

"இந்தச் சாய்கோடு எதற்கு?"
"உள்ளே ஒன்றுமில்லை என்பதற்கு.
திறந்த கையோடு மூடிக்கொள்ளும்."
"நான் இன்னும் திறக்கவே இல்லையே."

விதிக்கோப்பு கேட்கிறது,
எல்லோருக்கும் ஒரே அச்சு,
என்று சொல்ல வாயெடுத்த கைசா
காப்பி ஊற்றினாள்.
ரோட் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்,
மூலையில் கட்டைவிரல் ரேகை.

இரவு ஒரு நிபந்தனை:
நாள் இருந்தால் மட்டும் குறியை உண்டாக்கு.
மறுபடி ஓட்டினாள்.
சரிபார்ப்பி சிவப்பில் கத்தியது,
அறுபத்து மூன்று இடங்களில்,
கட்டாயக் குறி காணவில்லை, காணவில்லை என்று.

விதிக்கோப்பைத் திறந்தாள்.
குறைந்தது ஒன்று என்றிருந்ததைப்
பூஜ்யமாக்கினாள்.
கோப்பு ஒரு கிலோபைட் இளைத்தது,
பிழை ஏதும் இல்லை.

கீழே கடைசிப் படகு சங்கூதியது.
யாருக்கும் அல்ல,
புறப்பாட்டுக்கு.