ஒற்றை மணி

என் பிழைப்பைக் கெடுத்தது மிஸ்டு கால்தான்.
ஹோமா பே கரையில், மீன் எடைபோடும் கொட்டகைக்கு எதிரே
ரீசார்ஜ் கார்டு விற்கிறேன்.
இருபது ஷில்லிங், ஐம்பது, நூறு.
ஐந்நூறு ஷில்லிங் கார்டும் ஒன்று உண்டு,
கண்ணாடிக்குள் வெயில் பட்டுப் பட்டு
நிறம் போய்விட்டது.

எல்லார் கையிலும் போன்.
எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
யாரும் எடுப்பதில்லை.

பள்ளி விடுதியிலிருந்து பையன் சித்தப்பாவுக்கு ஒன்று அடித்தால்
ஃபீஸ் கட்டவில்லை.
தையல்காரி இரண்டு அடித்தால் சட்டை தயார்,
மூன்று அடித்தால் துணியைக் கெடுத்துவிட்டாள்.
பாதிரியார்கூட அடித்துவிட்டு வைக்கிறார்.
காசுள்ளவன்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும்,
எழுதாத சட்டம்.
ஐந்து மாதமாய்ச் சம்பளம் வராத ஒபாரே வாத்தியார்
யார் அடித்தாலும் திருப்பிக் கூப்பிடுகிறார்.
கௌரவம்.
எனக்குப் படியளப்பது அவர்தான்.
காதலிக்கிறவன் மட்டும் அடித்துவிட்டு வைக்கக் கூடாது.
வைத்தான் ஒருவன், மூன்று நாள்.
நான்காம் நாள் அவள்
வேறொருவன் மோட்டார் சைக்கிளில் போனாள்.

அடோயோவின் அறைக்கும் என் கடைக்கும் நடுவே
ஒரு தகரம்.
அதில் ஆணி கழன்ற ஓட்டை மூன்று.
அவள் புருஷன் ஒலாங் இரவெல்லாம் ஏரியில்.
மிதக்கும் விளக்குக்கு மயங்கி வரும் ஒமேனா,
நெத்திலிக்குத் தங்கை முறை.
அவர்கள் அகராதி எனக்கு மனப்பாடம்.
ஒன்று: வலை நிறைந்தது.
இரண்டு: கூடையோடு கரைக்கு வா.
மூன்று: வெறுங்கை, தூங்கு.
நான்கு கிடையாது.

ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் அவள் எடுத்துவிட்டாள்.
"ஏன்டி எடுத்தே!" என்று அலறினான்.
அந்த வருஷம் முழுக்க
அவர்கள் போனில் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அன்றைக்குப் பௌர்ணமிக்கு முந்தின நாள்.
நிலா இருந்தால் மீன் விளக்கை மதிக்காது,
படகெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தது.
ஒலாங்குக்குக் கடன். போனான்.
போகிற வழியில் என்னிடம் நின்று
இருபது ஷில்லிங் கார்டு கேட்டான்.
"யாருக்கு?" என்றேன்.
நகத்தால் சுரண்டிக்கொண்டே நடந்துவிட்டான்.

நடுச்சாமத்தில் தகரத்துக்கு அந்தப் பக்கம் அடித்தது.
ஒன்று.
இரண்டு. மூன்று.
சரி, வெறுங்கை.
நான்கு.
பாய் சரசரத்தது.
ஐந்து.
ஆள் தவறினால்தான் இப்படி அடிப்பார்கள்.
நானும் எழுந்து உட்கார்ந்தேன்.
ஆறு.
"ஹலோ" என்றாள்,
முன்பின் தெரியாத வீட்டுக்கதவைத் தட்டுகிறவள் மாதிரி.

ஏரிக்காரர்கள் போனிலும்
படகுக்குப் படகு கூவுகிற மாதிரிதான் பேசுவார்கள்.
எனக்கே தெளிவாகக் கேட்டது.
"ஒண்ணுமில்லே."
"பின்னே?"
"இங்கே நிலா."
அவள் பேசவில்லை.
நாலு ஷில்லிங், ஐந்து ஷில்லிங்
என்று ஓடியது என் மனக்கணக்கு. தொழில்புத்தி.
"இங்கேயும்தான்" என்றாள்.
"காலையிலே நீ செஞ்ச கீரை..."
"உப்பு கரிச்சுதா?"
"இல்லே. சொல்லணும்னு..."
இருபது ஷில்லிங் தீர்ந்தது.

தகரத்தின் மூன்று ஓட்டையிலும் வெளிச்சம்.
அவள் போனில் மிச்சம் இரண்டு ஷில்லிங்,
சாயங்காலம் நான்தான் பார்த்துச் சொன்னேன்.
பேசக் காணாது. அடிக்கக் காணும்.
பொத்தான் அமுங்கும் சத்தம்,
ஒவ்வொரு எண்ணாக, பத்து.
ஏரியில் எங்கோ
மீனில்லாத ஒரு படகில் அடித்திருக்கும்.
இரண்டாவது மணி வருமுன்
வைத்துவிட்டாள்.