ஒரு மில்லி

நாகவேணி என்று பேர் வைத்தபோது
அப்பா என்ன நினைத்தாரோ.
பாம்பு போய்விட்டது.
தடம் மட்டும் கிடக்கிறது
நடு மண்டையில்.

கிருஷ்ணகிரி டோல்கேட், ஒன்பதாம் லேன்.
ஃபாஸ்டேக் படிக்காத வண்டி வந்தால்
கையில் மெஷினோடு இறங்கி நிற்க வேண்டும் நான்.
லாரிக்காரர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு
முகத்துக்கு முன்னால் தெரிவது
என் வகிடு.
ஒருநாள் ஒரு கிளீனர் பையன்
எனக்கும் கேட்கட்டும் என்றே சொன்னான்:
"இங்கயும் ஆறு வழி போட்டுட்டாங்கண்ணே."
டிரைவர் சிரிக்கவில்லை.
அதுதான் கூடுதலாக வலித்தது.
மீதி எண்பத்தைந்து ரூபாயை
இரண்டு முறை எண்ணிக் கொடுத்தேன்.

ராயக்கோட்டை ரோட்டில் மாடி ஏறிப் போனால் டாக்டரம்மா.
வகிட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.
தைராய்டு இல்லை, ரத்தம் குறைவில்லை,
அத்தை வழியில் யாருக்காவது இருக்கா என்றார்.
பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"குழந்தைக்குப் பாக்கறீங்களா?
அப்படின்னா இத போடக் கூடாது."
வீட்டில் யாரையும் கேட்காமல்
இல்லை என்றேன்.
அவ்வளவு சுலபமாக ஒரு பதிலை
நான் சொன்னதே இல்லை.

காலையில் ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி.
முதலில் இன்னும் கொட்டும், பயப்படாதீங்க.

கொட்டியது.
சீப்பில், சாம்பார்க் கிண்ணத்தில்,
ரசீது கிழிக்கும் மெஷினின் பல்லிடுக்கில்.
துடைப்பத்தில் சுருண்ட பந்தைத் தூக்கிக் காட்டி
மாமியார் கேட்டாள்:
"எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினது இதத்தானா?"

ஸ்பிரிட் நெடி வேறு.
சூப்பர்வைசர் மாதேஷ் மூக்கைச் சுருக்கி
குடிச்சிட்டு வர்றியாம்மா என்றார்.
"நான் இல்லைங்க சார்,
என் தலை."

இன்னும் ஒன்றை மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும்.
வீட்டில் பூனை இருந்தால் கவனம்,
ஒரு சொட்டு நக்கினாலும் ஆபத்து.
சில்லறை என்று அதற்குப் பேர்.
ஐந்து வருஷமாக என் தலையணையில்
என் முடிக்குள் மூக்கை நுழைத்துத்தான் தூங்கும்.
இப்போது கதவுக்கு அந்தப் பக்கம்.
இந்தத் தலையை ஒரு குறையும் சொல்லாத ஒரே உயிர்
ராத்திரியெல்லாம் பிறாண்டுகிறது.

எத்தனை மாசம் மேடம், என்று கேட்டிருந்தேன்.
முளைச்சது நிக்கணும்னா
போட்டுக்கிட்டேதான் இருக்கணும் என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ரோடு போட்ட காசு இன்னுமா வரலை என்று
தினம் பத்துப் பேர் என்னைத் திட்டுகிறார்கள்.
ஓட்டுற வரைக்கும் கட்டணும்ணா என்று
தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறேன்.

நாலாம் மாசம். காலை ஷிப்டின் முதல் வண்டி.
காவேரிப்பட்டணத்தில் ஏற்றிய மாங்காய் லோடு.
டேக் படிக்கவில்லை, இரட்டைக் கட்டணம் என்றேன்.
அவர் சண்டை போடவில்லை.
தலைத்துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு
பணம் தேடினார்.
மாங்காய்ப் பால் வாசனையைக் கிழித்துக்கொண்டு
எனக்குத் தெரிந்த நெடி.
டேஷ்போர்டில், ஊதுவத்திக்கும் வாடிய எலுமிச்சைக்கும் நடுவில்
அதே நீல மூடி, அதே சொட்டுக் குழாய்.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.
"மூட்டு வலிக்கு," என்றார்.

"எனக்கும் மூட்டு வலிதாண்ணா," என்றேன்.
"அஞ்சாம் மாசம் கொஞ்சம் கேட்கும்கிறாங்க.
முதல்ல வலி ஜாஸ்தியாகும், விட்டுறாதீங்க.
வீட்ல பூனை இருக்கா?"

அவர் என் வகிட்டைப் பார்த்தார்.
நான் குனியவில்லை.

கட்டை மேலே போனது.
லாரி இழுத்துப் போன காற்றில்
நெற்றிக்கு மேலே எதுவோ சிலிர்த்தது.
முடியா, வெறும் கூச்சமா தெரியவில்லை.
கை போனது, பாதியில் நிறுத்தினேன்.
தொடக் கூடாது,
இன்னும் காயவில்லை.