கிட்ட, எட்ட

கம்பெனி ரிமோட்டின் விலை
எனக்கு இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து.
அதனால் பாம்பன் கடைத்தெருவில்
பதினைந்து ரூபாய்க்குப் பச்சை சோப்பு டப்பா வாங்கினேன்.
செத்துப்போன கட்டை போனின் ஹெட்செட்டிலிருந்து
பின்னை வெட்டி எடுத்தேன். இரண்டரை மில்லிமீட்டர்.
கேமராவின் காதில் அதுதான் நுழையும்.

உள்ளே பெரிய விஞ்ஞானம் இல்லை.
மூன்று பொத்தான், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ரெசிஸ்டர்.
இவ்வளவு தடுத்தால் ஓடு.
இன்னும் தடுத்தால் கிட்ட வா.
அதற்கும் மேல் தடுத்தால் எட்டப் போ.
எவ்வளவு தடுக்கிறோம் என்பதைத்தான்
கேமரா பேச்சாகக் கேட்டுக்கொள்கிறது.
மஞ்சள், ஊதா, சிவப்பு என்று வளையங்களைப் படித்து
கண்ணை இடுக்கிப் பொறுக்கினேன்.
ஒன்று மாறிப்போய், கிட்ட வா என்றால் நின்றுபோனது.
அன்றைய ராத்திரி அதோடு சரி.

கச்சான் அடிக்கிற மாசம்.
சன்னலைச் சாத்தினால் ஈயப்புகை, திறந்தால் மணல்.
பற்றவைத்த இடம் ஆறுவதற்குள்
பேஸ்டின் மேல் பொடிமணல் வந்து குந்திக்கொள்ளும்.
எட்டு மீட்டர் வயர். மூட்டுக்கு மூட்டு
சைக்கிள் டியூப்பைக் கத்தரித்துச் சுற்றினேன்;
இந்த ஊர்க் காற்றுக்குச் செம்பைக் கண்டால் ஆகாது.
நகப்பூச்சால் பொத்தானில் எழுதினேன்: கி, எ.
நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.

தெற்குவாடியில் ரெஜிஸின் புது வள்ளம் இறக்குகிற நாள்.
இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி
உச்சியில் கேமராவை வைத்துத் தூக்கிப் பிடித்தான் பிரிட்டோ.
கடல்காக்கை பார்க்கிற உயரம்.
டப்பா என் கையில்.
"ஓடுதா அக்கா?"
"ஓடுது."

சாமியார் தீர்த்தம் தெளித்தார்: அமுக்கினேன்.
தெளித்து முடித்தார்: அமுக்கினேன்.
ஏலேலோ இல்லை, "ஒண்ணு ரெண்டு தள்ளு"தான்,
முப்பது கை சேர்ந்து தள்ள
வள்ளம் தண்ணீரைத் தொட்டது.
கி-யை அழுத்தி அணியத்துக்குக் கிட்டப் போனேன்.
என் வாழ்க்கையின் நல்ல ஷாட் என்று நினைத்தேன்.

ஓடு என்பதும் நில் என்பதும் அதே சிவப்புப் பொட்டு.
பிரிட்டோ மூங்கிலை நிமிர்த்தும்போது
டப்பா என் இடுப்பில் ஒரு தடவை அழுந்தியிருக்கிறது.
அதற்கப்புறம் எல்லாம் தலைகீழ்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன்.
தீர்த்தம் இல்லை. தள்ளுகிறவர்கள் இல்லை.
சாமியார் செருப்பைத் தேடுகிறார்.
ரெஜிஸின் மனைவி இஞ்ஞாசி
அடகுச்சீட்டை மடித்து மடித்து
பர்ஸின் கடைசி அறைக்குள் திணிக்கிறாள்.
ஒரு பயல் மாலையிலிருந்து சாமந்தி பிய்த்துத் தின்று துப்புகிறான்.
பிறகு எல்லோரும் டீக்கு ஒதுங்கிய நேரம்,
மேலேயிருந்து, ஒரு வழுக்கைத் தலை.
ரெஜிஸின் அண்ணன் தஸ்நேவிஸ்.
வலை பங்கு பிரித்ததிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.
வள்ளத்தைச் சுற்றி வருகிறார்.
பின்னணியத்தில் ஓர் இடத்தில் விரல் கணுவால் தட்டுகிறார்,
காது வைக்கிறார், இன்னொரு தரம் தட்டுகிறார்.
இடுப்பிலிருந்து எதையோ எடுத்து
அந்த இடத்தில் பூசித் தேய்த்துவிட்டு
கையை மணலில் துடைத்துக்கொண்டு போகிறார்.

சொல்லத்தானே வேண்டும். சொன்னேன்.
ரெஜிஸ் கேட்ட வார்த்தைகளை எழுத முடியாது.
"இருக்கறதையாவது போடு" என்றான் கடைசியில்.
தஸ்நேவிஸ் வந்த இடத்தில்
கத்திக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.
"திரும்பப் போடு." போட்டேன்.
"கிட்டக் கொண்டா."
எடுத்து முடித்ததைக் கிட்டக் கொண்டுவர
என் டப்பாவில் பொத்தான் இல்லை.
பாதிப் பணம்தான் கொடுத்தான். நியாயம்தான்.
ஆனால் போகிறபோது வீட்டுக்குப் போகவில்லை,
வள்ளம் கட்டிக் கிடக்கும் பக்கம் நடந்தான்.

மறுநாள் ரோஜர் சலூனில் உடைந்த கண்ணாடித் துண்டு கேட்டு வாங்கி
மூங்கிலின் உச்சியில் சாய்த்துக் கட்டினேன்.
இனி கீழே நின்றே தெரியும்,
கேமராவின் நெற்றியில் சிவப்பு எரிகிறதா என்று.
காற்று தூக்கி அடிக்கும்போது மட்டும்
விளக்கு விலகி, கண்ணாடி முழுக்க வானம்.
அப்போது பிரிட்டோ கேட்பான், "ஓடுதா அக்கா?"
"இரு, பாக்குறேன்" என்பேன்.