தொண்ணூற்றிரண்டு

பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒரு ஜப்பானிய ஒட்டுச்சீட்டு.
பாதி உரிந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாதது.
ஒசாகாவில் யாருக்கோ சொன்ன சொல்
கப்பலேறி, ரயிலேறி, உலான்பாத்தர் வந்து
என் கைவிளக்கின் முன் ஊமையாக நின்றது.

மூன்று குளிர்காலம் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.
சோய்ர் சாலையில், ரயில் கேட்டைத் தாண்டியதும்
தனியாக நிற்கும் ஒரு பம்ப்.
பலகை தொண்ணூற்றிரண்டு என்றது, விலை எண்பது என்றது.
நான் விலையின் பேச்சைக் கேட்டேன்.
வண்டிக்குள் பயணிகள் நால்வர்,
ஒருத்தர் மடியில் உறைந்த ஆட்டுத்தொடை,
இருட்டிக்கொண்டு வருகிறது.

பிறகு மேடு ஏறும்போதெல்லாம்
பானெட்டுக்குள் யாரோ கூழாங்கல் குலுக்கினார்கள்.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
மஞ்சள் விளக்கு எரிந்தது.
அதன்மேல் ஒரு மிட்டாய்த்தாளை ஒட்டினேன்.

கல்தன் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான்.
செங்கல் சிவப்பு.
“உன் எஞ்சினுக்கு யாரோ உதட்டுச்சாயம் பூசியிருக்கிறார்கள்.”
எண்பதில் ஏதோ பொடியைக் கரைத்து
தொண்ணூற்றிரண்டு என்று பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள்.
பெட்ரோல் எரிந்துவிடும், சாயம் போகாது.
பிளக்கில் படியும், சென்சரில் படியும்,
கடைசியில் வண்டியின் அடிவயிற்றில்
கன்வெர்ட்டருக்குள் போய்க் குடியேறும்.

அடியில் படுத்து அதையும் இறக்கினான்.
தகர உறைக்குள் பீங்கான் தேனடை.
தேனும் இல்லை, தேனீயும் இல்லை.
ஒரு நூல் மட்டும் நுழையும் அறைகள், ஆயிரக்கணக்கில்,
ஒவ்வொன்றின் சுவரிலும்
கண்ணுக்குத் தெரியாத பிளாட்டினம்.
கதவுப் பக்கம் தூக்கிப் பார்த்தேன்.
இடப்பக்கம் வெளிச்சம் வந்தது.
வலப்பக்கம் உருகி, ஒட்டி, கண்மூடிக் கிடந்தது.
எஞ்சினில் எரியாத பெட்ரோல் இங்கே வந்து எரிந்ததாம்.
மலிவாக வாங்கியதன் மிச்சம்.

“இப்படியே என்னிடம் கொடுத்துவிடு,” என்றான்.
“இரண்டு மாத வாடகை, இப்போதே, கையில்.
அந்த இடத்தில் வெறும் குழாய் போடுகிறேன்.
ஊரே அப்படித்தான் ஓடுகிறது.”

ஊரே அப்படித்தான். வெளியே
அடுப்புப் புகையும் வண்டிப் புகையும்
ஒரே போர்வைக்குள் படுத்திருந்தன.
கையளவு பீங்கானால் அந்தப் போர்வை
ஒரு விரல்கூட விலகாது, தெரியும்.
வாடகை என்றால் என்னவென்றும் தெரியும்.
பொய் சொல்வானேன், பணத்தை வாங்கி எண்ணினேன்.
எண்ணி முடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏன் என்றான்.
“தரைத்தளத்தில் இருக்கிறேன். காலையில் அரைமணி
வண்டியைச் சூடாக்க ஓடவிடுவேன்.
குழாய் என் சமையலறை ஜன்னலைப் பார்த்து நிற்கிறது.”
அது பாதி உண்மை.
மீதியை நான் எனக்கே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

மோதி நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து
வேறொரு தேனடை கிடைத்தது. மூன்று தவணை.
புது பிளக்குகள் நான்கு.
இப்போது நகரத்துப் பெரிய பங்கில் வரிசையில் நிற்கிறேன்,
ரசீதை வாங்கி டாஷ்போர்டு அறைக்குள் திணிக்கிறேன்,
முள் காலியைத் தொடுமுன் நிரப்புகிறேன்.
“உன் வண்டி என்ன, சீமாட்டியா?
சொன்ன இடத்தில்தான் குடிக்குமா?” என்றாள்
பின்சீட்டில் ஓயுன்சிமெக், கட்டணம் கூடிய கோபத்தில்.
ஆமாம் என்றேன்.

அன்று டார்கான் போன மாணவன் ஒருவன்
ஜப்பானியம் படித்தவன்.
மூடியைத் திறந்து ஒட்டுச்சீட்டைக் காட்டினேன்.
குனிந்து, மூச்சுப்பனியைத் துடைத்து, வாசித்தான்:
ஈயமில்லாத சாதாரண பெட்ரோல்.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான் அக்கா.
மூன்று வருடமாக அது கேட்டது இவ்வளவுதான்.

இன்று காலை மைனஸ் முப்பத்தொன்று.
ஸ்டார்ட் செய்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன்.
குழாயின் நுனியில் தண்ணீர்
சொட்டுச் சொட்டாய் விழுந்து, விழுந்த இடத்திலேயே உறைந்து
கட்டைவிரல் உயரத்துக்கு நின்றிருந்தது.
முகர்ந்தேன். ஒன்றுமில்லை.
பூட்ஸால் தட்டிவிட்டு
முதல் சவாரிக்குக் கிளம்பினேன்.