எண்ணிக்கை

ஏப்ரலின் கடைசி ஞாயிறு
எங்கள் மலையூரில் அரசாங்கம்
வானத்தின் கீழே நடக்கும்.
பெட்டி இல்லை, சீட்டு இல்லை.
ஆண்கள் இடுப்பில் வாள் கட்டி வருவார்கள்;
வாள்தான் வாக்காளர் அட்டை.
என் கணவன் பாப்டிஸ்ட்டின் வாளுக்குச்
சனிக்கிழமை இரவே எண்ணெய் போடுவது நான்.
துருப்பிடித்தால் யாருக்கு வெட்கம் என்பாள் மாமியார்.
எனக்குத்தான், வேறு யாருக்கு?

அந்த வருடம் கேள்வி எங்களைப் பற்றியது.
பாலாடைக்கட்டிக் கடையின் மாடி ஜன்னலில்
நாங்கள் ஏழு பெண்கள்,
ஒரு பொட்டலம் வறுத்த பாதாம்.
"பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்போர்?"
கைகள் எழுந்தன,
உருகாமல் ஆங்காங்கே மிஞ்சிய பனி மாதிரி.
"வேண்டாம் என்போர்?"
சதுக்கம் முழுக்கக் கை.
எண்ணவே இல்லை. கண்ணளவே போதுமாயிருந்தது.
அதில் ஒரு கையை எனக்குத் தெரியும்:
மோதிர விரல் வளைந்தது.
பால்கேன் நசுக்கிய அன்று
கட்டுப் போட்டவளே நான்தான்.

வீட்டுக்கு வந்து சூப் கேட்டான்.
"உனக்கு எதிராக இல்லை, கிரெசென்சியா.
வழக்கத்துக்கு ஆதரவாக."
உப்பு குறைவு என்றும் சொன்னான்.

பிறகு ஒருத்தி வழக்குப் போட்டாள்.
எங்கள் புல்லை மிதித்தே இராத நீதிபதிகள்
தூரத்து நகரத்திலிருந்து சொன்னார்கள்:
இது கை தூக்கிக் கேட்கிற கேள்வியே அல்ல.
ஊரே கொதித்தது.
ஊர் என்றால் யார் யார் என்று
அன்றுதான் யோசித்தேன்.

அடுத்த ஏப்ரலில் கயிற்று வளையத்துக்குள் நின்றேன்.
முதல் தீர்மானம் சாலை வரி.
கை தூக்கினேன். தோள் வலித்தது.
அவ்வளவுதானா என்றிருந்தது.

தாராளவாதம் என்று எழுதின செய்தித்தாள்கள்.
என்ன தாராளம்?
யாரும் எதையும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை.
பெரிய கூட்டம்
தன் கையைத் தானே கொஞ்சம் கட்டிக்கொள்கிற கயிறு அது.
அவிழ்ப்பதும் சுலபம்.
இதை நான் ஜன்னலில் நின்றபோது கற்கவில்லை,
கூட்டத்துக்குள் வந்தபின் கற்றேன்.

இருபது வருடம் கழித்து,
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்க் கூட்டம்.
ரப்பர் வாடை, மடக்கு நாற்காலிகள்.
பதினேழு வருடம் எங்கள் பால்பண்ணையில் உழைத்த
ஹய்தர் கெலமெந்தி, கொசோவோக்காரர்,
நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தார்.
செத்தபின் ஊர்க் கல்லறையில் ஒரு மூலை வேண்டும்,
முகம் தென்கிழக்கே பார்க்க.
மகள் வியோல்ட்சா மனுவைப் படித்தாள்.
எங்கள் பேச்சு வழக்கிலேயே படித்தாள்,
ஒரு தடுமாற்றம் இல்லை.

"வேண்டாம் என்போர்?"

பொய் சொல்ல மாட்டேன்.
என் கை தானாக எழுந்தது.
காதுவரை வந்துவிட்டது.
எல்லாக் கல்லும் ஒரே பக்கம் பார்க்கும் கல்லறை,
பார்க்க அழகு, அவ்வளவுதான் நினைத்தேன்.
வழக்கம் தோளில் குடியிருக்கிறது போல.
காதோரம் முடியை ஒதுக்குவதாகப் பாவனை செய்து
இறக்கினேன்.
பக்கத்து நாற்காலியில்
வளைந்த மோதிர விரல் மடிமேல் கிடந்தது.
அசையவில்லை.
ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

நூற்றுப் பன்னிரண்டுக்கு முப்பத்தொன்று.
இந்த முறை எண்ணினார்கள்.
ஊர் கைவிரித்தது.

மறுநாள் வியோல்ட்சாவின் சமையலறை.
அவள் போடும் காபி வாயைக் கட்டும்.
மேல்முறையீட்டுத் தாளில்
முதல் கையெழுத்து அவளுடையது, அடுத்தது என்னுடையது.
உள்ளறையில் ஹய்தர் இருமினார்.
உங்கள் வீட்டு ஆடுகள் எப்படி என்று
சுவர் வழியே கேட்டார்.
சௌக்கியம் என்றேன்.

மூன்றாவது கோடு காலி.
தாளை மடிக்காமல் கொண்டுவந்து
சூப் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்,
மூடி திறந்த பேனாவோடு.
உப்பு சரியாக இருக்கிறது என்றான்.

இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.