தய விட்டு

தேன்கனிக்கோட்டை வனச்சரக அலுவலகத்துக்கு எதிரே
நாலடிக்கு ஆறடி என் கடை.
ஒரு கணினி, ஒரு பிரிண்டர்,
மழை வந்தால் இரண்டுக்கும் ஒரே தார்ப்பாய்.

மனு எதுவானாலும்
கடைசி வரியை நான் அடிப்பதில்லை.
அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது:
தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு
தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.
அதற்கு மேலேதான் ஆள் மாறும்,
செத்த மாடு, விழுந்த சுவர், வராத பட்டா.

பதினோரு வருடத்தில்
வார்த்தைகளின் எடை கைக்குப் பழகிவிட்டது.
ஒத்தாசைக்கு இன்னொரு ஜோடிக் கை வேண்டும்.
சிபாரிசுக்கு ஒரு ஃபோன் போதும்.
ஆதரவு, தேர்தலுக்கு முன் அவர்கள் நம்மிடம் கேட்பது;
பிறகு நாம் அவர்களிடம் கேட்பதற்குப் பெயர் தயவு.
"கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்றால்
எதைப் பார்த்து என்று யாரும் கேட்பதில்லை.
வேண்டிக்கொள்கிறவன் வெயிலில் நிற்பான்,
வேண்டியவன் உள்ளே டீ குடித்துக்கொண்டிருப்பான்.
ஒரே வினைச்சொல்தான் இரண்டுக்கும்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்
கெம்பம்மா வந்தாள்.
அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், முக்கால் ஏக்கர் ராகி,
அறுக்க இரண்டு நாள் இருக்கையில்
ஏழு யானை.
"குட்டியைக் கணக்குல சேர்க்காத,
அது மிதிச்சது மட்டுந்தான்."

அடித்து முடித்து வாசித்துக் காட்டினேன்.
கடைசி வரியில் கையை உயர்த்தினாள்.
"கருணெ யாக்கெ?
ராகி என்னுது. யானை சர்க்காருது.
தின்னதை அளந்து கொடுக்கட்டும்.
நடுவுல கருணை எங்கிருந்து வந்துச்சு?
யானைகூட அப்படிக் கேட்டுத் தின்னல."

எனக்குக் கோபம் வந்தது.
வழக்கம் அது, என்றேன்.
என் ஊன்றுகோல் மேசையில் சாய்ந்திருந்தது.
இந்தக் கடை எனக்கு ஒதுக்கீட்டில் வந்தது;
ஆணையில் முன்னுரிமை என்று எழுதியிருக்கிறது.
பக்கத்து டீக்கடைக்காரர்
சலுகையில் கிடைத்த கடை என்று ஊருக்குச் சொல்கிறார்.
பதினாலு தடவை மாடி ஏறி வாங்கினேன்.
ஊனமுற்றோருக்கான பிரிவு
மாடியில் இருந்தது.

இதெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
வரியை அழித்தேன்.
ஒரு மனுவின் அடியில்
அவ்வளவு வெள்ளையை நான் பார்த்ததில்லை.

அரை மணியில் திரும்பி வந்தாள்.
"தயவு ஒண்ணும் இல்லையாம். வாங்க மாட்டானாம்."
கேட்காமலே என் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.
பாதி குடித்து, மூடியைத் திருகி,
"சரி, போடு. என் பாஷையில போடு.
தயவிட்டு."

தயை இட்டு, தயை வைத்து,
கன்னடத்தில் அதற்கு அவ்வளவுதான் பொருள்.
தமிழில் அடித்தேன்.
நடுவில் இடைவெளி விழுந்தது.
விரல் தானாக இறங்கியதா
நான் இறக்கினேனா,
இன்றுவரை தெரியாது.

தய விட்டு
அளந்து கொடுக்கவும்.

எழுத்தர் அடிவரியை மட்டும் பார்த்தாராம்.
தகரம் கண்ணில் பட்டதும்
முத்திரை குத்தினாராம்.

முப்பது ரூபாயை நீட்டினாள்.
இருக்கட்டும், என்றேன்.
"உன்கிட்ட நான் கருணை கேட்டேனா?"
பத்துரூபாய்த் தாள்கள் மூன்றையும்
கீபோர்டின் மேல் வைத்துவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.

பணம் வந்ததா, தெரியாது.
ஏழு யானைக்கு எத்தனை மூட்டை என்று
யார் அளந்தார்களோ.

அன்று சாயங்காலம் ஒருவர்,
சுவர் விழுந்த வீட்டுக்காரர்,
பிரிண்ட் எடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பழைய கோப்பின் மேலேயே நான் சேமித்திருக்கிறேன்;
கடைசி வரி போனது போனதுதான்.

"கீழே ஏதோ போடுவீங்களே, தம்பி?"

என்ன போடட்டும், என்று கேட்டேன்.
அவர் யோசிக்க ஆரம்பித்தார்.