தண்ணிக் கழிவு

புயல் ஓய்ந்து மூன்று நாளாகியும்
காரங்காட்டுக்குக் கரண்டு வரவில்லை.
முறிந்த அலையாத்திக் கிளைகள்
இன்னும் ஓடையில் மிதந்துகொண்டிருந்தன.
மின்தராசு கண்ணவிந்து கிடந்தது.
காளீஸ்வரன் தொண்டியிலிருந்து
வேனில் போட்டு வந்தான் ஒரு பழைய தராசு:
இரும்புக் கோல், இரண்டு அலுமினியத் தட்டு,
ஒரு தட்டின் அடியில் ஈயக்கட்டி.
வெறுமையாய்த் தொங்கும்போது
நேராகத்தான் நின்றது,
பொய்யே தெரியாத முகத்தோடு.

பிரகாசியின் கூடை முதலில்.
இடத்தட்டில் நண்டு. ஒன்பது கிலோ.
"வலையில கழட்டுன கைக்குத் தெரியாதா கனம்?"
அவளே தூக்கி வலத்தட்டுக்கு மாற்றினாள்.
பதினாறு.

வரிசை முழுக்கச் சிரிப்பு.
பேயடிச்ச தராசு என்றார் சந்தகுரூஸ்.
காளீஸ்வரன் தலையைச் சொறிந்து
பஞ்சாயத்துக்காரன் போலச் சொன்னான்:
"ஒனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்.
ரெண்டையும் கூட்டிப் பாதி. பன்னெண்டரை."

அங்கே என் வேலை ரசீது எழுதுவது மட்டும்.
கை சும்மா இருக்கவில்லை.
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில்
நண்டுக்கு ந,
கோலின் இடக்கைக்கு இ, வலக்கைக்கு வ.
தெரியாதவை மூன்று, சமன்பாடு இரண்டு.
பரீட்சையில் என்றால்
கேள்வியே தப்பு என்று எழுந்து போயிருப்பேன்.

ந × இ = 9 × வ
ந × வ = 16 × இ

யார் எவ்வளவு நீளம் என்று கேட்காமல்
இரண்டையும் பெருக்கினேன்.
அந்தப் பக்கமும் இ, வ. இந்தப் பக்கமும் இ, வ.
அடித்தேன். கோலே காணாமல் போயிற்று.
நண்டு மட்டும்
தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு நின்றது:
நூற்று நாற்பத்து நான்கு.

பன்னிரண்டு.
கழித்தல் பன்னிரண்டும் விடைதான்;
அதைக் கடல் பேரில் பற்று எழுதிக்கொள்ளலாம்.

ஆக, பன்னிரண்டரை தப்பு.
அரைக்கிலோ கூடுதல், பிரகாசி பக்கம்.
ஒன்பதின் மூலம் மூன்று, பதினாறின் மூலம் நான்கு,
வித்தியாசம் ஒன்று, அதன் வர்க்கத்தில் பாதி:
அந்த அரை அங்கிருந்துதான் வந்திருக்கிறது.
வர்க்கம் ஒருநாளும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது.
எந்தக் கோணல் கோலிலும்
இருபுறம் நிறுத்துக் கூட்டிப் பாதி போட்டால்
விற்பவளுக்கு நட்டமில்லை.
இது காளீஸ்வரனுக்குத் தெரியாது.
எனக்குச் சம்பளம் தருவது அவன் முதலாளி.

பேனா மூடி பல்லிடுக்கில்.
சொல்லிவிடலாமா?

அதற்குள் அவனே, வழக்கம்போல,
"தண்ணிக் கழிவு அரை போட்டுக்க" என்றான்.
கூடைக்கு அரைக்கிலோ.
நண்டு சொட்டினாலும் காய்ந்திருந்தாலும்.
நான் வேலைக்குச் சேரும் முன்பிருந்தே அப்படித்தான்.

பன்னிரண்டரை. கழிவு அரை.
நிகரம் என்ற கட்டத்தில்
பன்னிரண்டு என்று எழுதும்போது
எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.
பிழையும் பிழையும் அடிபட்டுப்போய்
என் கையெழுத்தில், அந்தப் புத்தகத்தில்,
முதல் சரியான எடை.
பின்னட்டையைக் கிழித்து மடித்து
ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மறு வியாழன் கரண்டு வந்தது.
அதே கூடை, ஏறக்குறைய அதே நண்டு.
மின்தராசு சிவப்பெழுத்தில் சொன்னது:
பன்னிரண்டு, புள்ளி, பூஜ்யம், பூஜ்யம்.
கழிவு அரை. பதினொன்றரை.
பணத்தை இரண்டு தரம் எண்ணி
முந்தியில் முடிந்துகொண்டு
பிரகாசி கேட்டாள்:
"போன வாரத் தராசு எங்கப்பா?"

காளீஸ்வரன் சிரித்தான்.
நான் அடுத்த ரசீதுக்குத் தேதி போட்டேன்.